சோதனையும் எச்சமும்

(வரைவியற் செலுத்திகளைத் தன்னியக்கமாகச் சோதிக்கும் முறை பற்றிய ஒரு நோக்கு)

சில ஆண்டுகளுக்கு முன் கணினிப் பாடத்துச் செயன்முறைப் பரீட்சை ஒன்றிற் புள்ளியிடும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. மாணவர் தாம் எழுதிய செய்நிரலை ஒருவர்பின் ஒருவராக ஒரே கணினியில் இயக்கிக் காட்டினர். பத்துப் பேரின் புள்ளிகளைக் கோப்பொன்றில் எழுதிவைத்துப் பின் அவற்றை வாசித்துக் கூட்டுத்தொகை காண்பதே தரப்பட்ட வேலை. நான்காவதாக வந்த மாணவனின் விடை பிழைத்தது. பத்து எண்களைக் கூட்ட வேண்டிய அவனது செய்நிரல் இருபது எண்களைக் கூட்டிக் காட்டிற்று. அவன் திகைத்து நின்றான். நான் புள்ளியைக் குறைத்தேன்.

மாலையிற் கணினியை நிறுத்தும் வேளையிலேதான் உண்மை தெரிந்தது. அவனுக்கு முன் வந்தவன் ஆக்கிய கோப்பு, அதே பெயருடன், அழிக்கப்படாது அங்கே கிடந்தது. மற்றையோரின் செய்நிரல்கள் கோப்பைப் புதிதாகத் தொடங்கி எழுதியமையால் தப்பின. இவனுடையதோ பழைய கோப்பின் இறுதியிலே தன் பத்து எண்களையும் சேர்த்து எழுதிவிட்டது. விடையிற் பாதி முன்னவனுடையது. தண்டனை முழுவதும் பின்னவனுக்கு.

குற்றம் யாருடையது? விட்டுச்சென்ற முன்னவனதா? வெறுங்கோப்பு இருக்கும் என நம்பிய பின்னவனதா? இடத்தைத் துடைத்து வையாத பரீட்சகனாகிய எனதா? சிறிய வகுப்பறையில் எழுந்த இவ்வினாவே, கணினியுலகில் மிகப் பெரிய அளவில், நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது. அது கூர்மையாகத் தோன்றும் இடங்களுள் ஒன்று வரைவியற் செலுத்திகளைத் தன்னியக்கமாகச் சோதிக்கும் துறையாகும். அதனை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செலுத்தியும் அதன் சோதனையும்

கணினித் திரையில் நாம் காணும் எழுத்து, படம், விளையாட்டு யாவற்றையும் வரைவது வரைவியற் செயலி என்னும் வன்பொருள். அது தன் தாய்மொழியை மட்டுமே அறியும். நாம் எழுதும் செய்நிரல்களோ பொதுமொழியிற் பேசுவன. 1992 இல் தோன்றிய ஓப்பின் ஜி. எல்., 2016 இல் வெளிவந்த வல்கன் என்பன அத்தகைய பொதுமொழிகள். இவ்விரு சாராருக்கும் இடையே துவிபாஷியாக நிற்கும் மென்பொருளே வரைவியற் செலுத்தி எனப்படும். லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இச்செலுத்தி இரு கூறாக அமைந்துள்ளது. வன்பொருளை நேரே ஆளும் கூறு முறைமையின் உட்கருவில் இருக்கிறது. பொதுமொழியைச் செயலியின் மொழிக்குப் பெயர்க்கும் கூறு வெளியே இருக்கிறது. பிறயன் போல் என்பார் 1993 இல் தொடங்கிய மேசா என்னும் மென்பொருட்டிட்டம் இரண்டாவது கூற்றுக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

இச்செலுத்திகளை உலகெங்குமுள்ள பொறியியலாளர் இடையறாது திருத்திய வண்ணம் உள்ளனர். ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால், நேற்றுவரை சரியாக இயங்கியது இன்று கெடக்கூடும். ஆதலின் திருத்தம் ஒவ்வொன்றும் ஏற்கப்படுமுன், மனிதர் துணையின்றிப் பொறிகளே அதனைச் சோதித்துத் தேறியது, தவறியது எனத் தீர்ப்பு வழங்குகின்றன. பொதுமொழிகளின் இலக்கணத்தைச் செலுத்தி வழுவாது காக்கின்றதா என ஆராயும் சோதனைத் தொகுதியைக் குரோனொஸ் என்னும் அமைப்பு பேணுகிறது. அதிலுள்ள சோதனைகள் பல இலட்சமாகும். உட்கருக் கூற்றினைச் சோதிப்பதற்கு ஐ. ஜி. ரி. என்னும் கருவித்தொகுதி உண்டு. இன்ரெல் நிறுவனத்தாரின் செலுத்திக்காகத் தோன்றிய அது இன்று பிற செலுத்திகளுக்கும் பயன்படுகின்றது.

இத்துணைச் சோதனைகளும் ஒரே பொறியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இங்கேதான் நமது நான்காம் மாணவனின் இடர் மீண்டும் தலைகாட்டுகிறது.

எச்சம் தங்கும் இடங்கள்

தமிழிலக்கணத்தில் எச்சம் என்பது தானே முடிவுபெறாது நின்று, பின்வரும் சொல்லைக் கொண்டு முடிவது. 'வந்த' என்பது 'மாணவன்' என்பதைத் தேடும். 'வந்து' என்பது 'போனான்' என்பதைத் தேடும். சோதனைகளில் எஞ்சும் நிலையும் அத்தகையதே. ஒரு சோதனையில் முடியாது நின்றது அடுத்த சோதனையிற் போய் முடிகிறது. இதனை எச்சம் என்றே இங்கு வழங்குவோம். அது தங்கும் இடங்கள் நான்கு எனலாம்.

முதலாவது, இயங்குகின்ற செய்நிரலின் சொந்த நினைவகம். ஓப்பின் ஜி. எல். நிலைகளாற் கட்டுண்ட ஒரு மொழி. நிறங்களை ஒன்றோடொன்று கலக்குக என ஒருமுறை கட்டளையிட்டால், கலவாதே என மறுகட்டளை வரும்வரை அவ்வாணை நிலைத்திருக்கும். ஒரே ஓட்டத்திற் பல சோதனைகளை நடத்தும்போது, முன்னையது திறந்துவிட்ட கலப்பைப் பின்னையது அறியாது தன் சதுரத்தை வரையும். சிவப்பை எதிர்பார்த்த இடத்தில் ஊதா வந்து நிற்கும்.

இரண்டாவது, வட்டு. பெயர்த்த செய்நிரல்களை மறுமுறை பெயர்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக மேசா அவற்றை வட்டிலே பதுக்கி வைக்கிறது. பயனாளருக்கு இது நன்மையே. சோதனைக்கோ இதில் ஓர் அபாயம் உண்டு. அதே செலுத்தியைக் கொண்டு அதே சோதனையை இரண்டாம்முறை நடத்தும்போது, பெயர்ப்பு வேலை நடவாமலே விடை வந்துவிடும். பெயர்ப்பாளனைச் சோதிக்கின்றோம் என எண்ணியிருப்போம். உண்மையிற் சோதிக்கப்பட்டது அவன் எழுதிவைத்த பழைய தாள்.

மூன்றாவது, உட்கரு. ஒரு சோதனை, திரை இணைக்கப்படாத வாயிலில் இணைக்கப்பட்டிருப்பதாகச் செலுத்தியை நம்பவைக்கலாம். திரை தன்னைப் பற்றிக் கூறும் விவரக்குறிப்புக்குப் பதிலாகப் போலிக் குறிப்பொன்றை வைக்கலாம். அவற்றை மீட்காது அச்சோதனை இறந்தால், அடுத்து வருவது இல்லாத திரைக்குப் படம் வரையும். இதனினும் நுட்பமான எச்சம் ஒன்றுண்டு. உட்கருவிற் பூட்டுகள் வரிசை பிறழாது பூட்டப்படுகின்றனவா எனக் காவல்செய்யும் பகுதியொன்று லினக்ஸில் உள்ளது. அது முதற் பிழையைக் கண்டு அறிவித்த அக்கணமே தன் காவலை நிறுத்திக்கொள்ளும். பொறியை மீள இயக்கும்வரை மறுபடி விழிக்காது. அதன்பின் வரும் சோதனைகள் பூட்டிற் பிழைசெய்தாலும் கேட்பாரில்லை. காவலாளி உறங்கும் வீட்டிற் களவு நடைபெறவில்லை என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்றது அது.

நான்காவது, வன்பொருள். வரைவியற் செயலியின் பதிவகங்களிலும் நினைவகத்திலும் பழைய எண்கள் கிடக்கும். ஒரு சோதனை செயலியை முற்றாக முடக்கிவிடுதலும் உண்டு. செலுத்தி அதனை மீட்க முயலும். முயற்சி தோற்றால், செயலி பயன்படாதது என அறிவித்து வேலைகளை மறுக்கும். அப்போது பின்வரும் சோதனைகள் வரிசையாகத் தவறும். அறிக்கையிற் பல பிழைகள் சிவந்து தோன்றும், குற்றவாளியோ ஒருவனே.

பொய்த் தீர்ப்பு இருவகை

மேற்கூறியவற்றிலிருந்து, எச்சத்தாற் பிறக்கும் பொய்த் தீர்ப்பு இருவகை என்பது பெறப்படும். குற்றமற்றதைத் தண்டித்தல் ஒன்று. குற்றமுள்ளதை விடுவித்தல் மற்றொன்று. முன்னையது கண்ணிற் படும். ஆதலின் அதனைத் திருத்த எவரேனும் முன்வருவர். பின்னையது கண்ணிற் படாது. உறங்கிய காவலாளியும் பதுக்கிய தாளும் இரண்டாம் வகையின. அவையே அதிகம் அஞ்சத்தக்கன.

ஒருகாற் தேறியும் ஒருகாற் தவறியும் நிலைதளம்பும் சோதனைகள் பற்றி ஆய்வுகள் உண்டு. 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 51 திறந்த மூல மென்பொருட்டிட்டங்களில் இத்தகைய தளம்பலைச் சீர்செய்த 201 திருத்தங்களை ஆராய்ந்து, தலையாய காரணங்கள் மூன்றனுள் ஒன்றாகச் சோதனைகளின் வரிசைச் சார்பைக் கண்டது. கூகிள் நிறுவனத்தார் 2016 இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்தம் சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதோ ஓரளவிற் தளம்புவனவாயிருந்தன.

இதன் விளைவு எண்களில் அடங்குவதன்று. பல நாள் காரணமின்றிச் சிவந்த விளக்கை, காரணத்தோடு சிவக்கும் நாளிலும் எவரும் நோக்கார். 'அது எப்போதும் அப்படித்தான்' என்ற சொல் பிறந்த இடத்திற் சோதனை இறந்துவிட்டது எனக் கொள்க. பொய்த் தீர்ப்பின் முழுக் கேடு, மெய்த் தீர்ப்பையும் நம்பவொட்டாமற் செய்வதிலே இருக்கிறது.

தனிமைப்படுத்தும் வழிகள்

ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பொறியை நிறுத்தி மீள இயக்கினால் என்ன என்று மாணவர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மீள இயங்க ஒரு நிமிடம் எனக் கொண்டால், ஓர் இலட்சம் சோதனைகளுக்கு ஓர் இலட்சம் நிமிடம். அஃதாவது ஏறத்தாழ 69 நாள். ஒரு திருத்தத்தின் தீர்ப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேற் காத்திருக்க எவரும் இசையார். ஆதலின் தூய்மையையும் வேகத்தையும் படிமுறையாகச் சமன்செய்வதே நடைமுறையாயிற்று.

முதற்படி, சோதனை தனக்கு வேண்டிய நிலையைத் தானே அமைத்துக்கொள்ளல். கலப்பு வேண்டாமெனின், அது ஏற்கெனவே மூடியிருக்கும் என நம்பாது, தானே மூடித் தொடங்க வேண்டும்.

இரண்டாம்படி, தான் மாற்றியதைத் தானே மீட்டல். சோதனை தேறும்போது மீட்பது எளிது. தவறி நடுவழியில் விழும்போது மீட்பதே அருமை. ஐ. ஜி. ரி. தொகுதியில் இதற்கென இறுதிக்கடன் ஆற்றும் சிறுபகுதிகளை முன்கூட்டியே பதிவுசெய்து வைக்கும் ஏற்பாடு உண்டு. சோதனை விபத்தில் மடிந்தாலும் அவை இயங்கித் திரையையும் பிறவற்றையும் பழைய நிலைக்குக் கொணரும். ஆயினும் முறைமை ஒரு செய்நிரலைக் கட்டாயமாகக் கொன்றுவிடுமாயின், இறுதிக்கடனுக்கும் இடமில்லை. ஆகவே இரண்டாம்படி இருக்கின்றதென்று முதற்படியைக் கைவிடலாகாது.

மூன்றாம்படி, வெவ்வேறு ஓட்டங்களாகப் பிரித்தல். பிக்லிற் என்னும் தொகுதி பெரும்பாலும் சோதனை ஒவ்வொன்றையும் தனி ஓட்டமாக நடத்துகிறது. முதலாவது இடத்தில் தங்கும் எச்சம் இதனால் ஒழியும். குரோனொஸ் தொகுதி மிகப் பெரிதாதலின், சில நூறு சோதனைகளை ஒரு குழுவாகச் சேர்த்து ஓட்டும் வழக்கம் உண்டு. குழுவில் ஒன்று மடிந்தால், எஞ்சியவற்றைப் புதிய ஓட்டத்தில் தொடர்வர். எதிர்பாராது தவறியதை மீண்டும் ஓட்டி, அது உறுதியாகத் தவறுகிறதா, தளம்புகிறதா என வேறுபடுத்துவர்.

நான்காம்படி, உட்கருவைக் கவனித்தல். உட்கருவிற் பாரிய கோளாறு நிகழும்போது, லினக்ஸ் தன்மேல் ஒரு கறையைப் பொறித்துக்கொள்ளும். கோளாற்றின் காரணம் நீங்கினாலும், பொறியை மீள இயக்கும்வரை அக்கறை நீங்காது. ஐ. ஜி. ரி. தொகுதியின் ஓட்டுநர் அக்கறையைக் கண்டவுடன் ஓட்டத்தை நிறுத்தும்படி பணிக்கப்படலாம். பொறியை மீள இயக்கிய பின்னரே எஞ்சிய சோதனைகள் தொடரும். எப்போதும் மீள இயக்குவதுமன்று, ஒருபோதும் மீள இயக்காததுமன்று. நம்பிக்கை குலைந்த இடத்தில் மட்டும் மீள இயக்குவது. நடைமுறைக்கு ஒத்த நடுவழி இது.

ஐந்தாவதாக, வன்பொருளையே தவிர்க்கும் வழியும் உண்டு. 2018 இல் லினக்ஸின் 4.19 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட வி. கே. எம். எஸ். என்னும் செலுத்தி, உண்மையான திரையோ வரைவியற் செயலியோ இன்றி, மென்பொருளாலேயே திரையைப் பாவனைசெய்வது. வன்பொருளின் எச்சம் அங்கே இல்லை. ஆனால் வன்பொருளின் உண்மையும் அங்கே இல்லை என்பதை மறத்தலாகாது.

தனிமை மறைக்கும் குற்றம்

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், தூய்மை மிகமிகச் சோதனை சிறக்கும் என எண்ணுவர். அங்ஙனமன்று. இக்கட்டுரையிற் யான் வற்புறுத்த விரும்புவது இதற்கு மறுதலையான ஓர் உண்மையை.

பயனாளர் எவரும் ஒரு விளையாட்டை மூடி மற்றொன்றைத் திறக்குமுன் கணினியை மீள இயக்குவதில்லை. பெருங்காயம் இருந்த பாண்டத்திலேயே அடுத்த பண்டத்தையும் வைப்பர். ஒன்றின் வாசனை மற்றொன்றிற் படாதவாறு காப்பது செலுத்தியின் கடன். ஆகவே எச்சம் இருவகைப்படும். சோதனை விட்டுச்சென்ற எச்சம் சோதனையாளனின் ஒழுங்கீனம். துடைக்க வேண்டிய இடத்திற் செலுத்தி துடையாது விட்ட எச்சம் செலுத்தியின் குற்றம். சோதனை ஒவ்வொன்றையும் புதிதாய்ப் பிறந்த பொறியில் நடத்துவோமாயின், முன்னைய எச்சத்தோடு பின்னைய குற்றமும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 2020 ஜனவரியில், இன்ரெல் வரைவியற் செயலிகள் சிலவற்றில் ஒரு செய்நிரலின் தரவு எச்சம் பின்வரும் செய்நிரலுக்குத் தெரியக்கூடும் என்ற குறை வெளியிடப்பட்டு, லினக்ஸ் செலுத்தியில் அவ்வெச்சத்தைத் துடைக்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் வெளிவந்த செய்தி இன்னும் பரந்தது. றெயில் ஒவ் பிற்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ரைலர் சோரென்சன், ஹைடி கிளாஃப் என்போர், அப்பிள், குவால்கொம், ஏ. எம். டி., இமாஜினேஷன் ஆகியோரின் வரைவியற் செயலிகள் பலவற்றில், ஒரு செய்நிரல் பயன்படுத்திய உள்ளக நினைவகம் துடைக்கப்படாமலே அடுத்ததன் கைக்குப் போகிறது என நிறுவினர். செயற்கை நுண்ணறிவு மாதிரியொன்று ஏ. எம். டி. செயலியொன்றில் இயங்கியபோது, ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 181 மெகாபைற் அளவு தரவு இவ்வாறு கசியக் கண்டனர். அதனைக் கொண்டு, ஒருவர் கேட்ட வினாவுக்குப் பொறி அளித்த விடையை அதே கணினியைப் பயன்படுத்தும் பிறிதொருவர் மீட்டு வாசிக்கலாம் என்பதையும் காட்டினர். எச்சம் என்பது ஈண்டு நிறம் பிறழ்ந்த சதுரமன்று, ஒருவரின் அந்தரங்கம்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒரு செய்நிரல் அடையாளமான எண்ணொன்றை நினைவகம் எங்கும் எழுதிவிட்டு நீங்கும். மற்றொன்று, எதனையும் எழுதாமலே, அங்கே என்ன இருக்கிறது என வாசிக்கும். அவ்வெண் தென்பட்டாற் காப்பு இல்லை என்பது தெளிவு. ஐ. ஜி. ரி. தொகுதியிலும் இன்ரெல் செயலியின் பதிவகங்களுக்காக இத்தகைய சோதனை உண்டு: ஒரு சூழலிற் பதிவகங்களை மாற்றி, மற்றொரு சூழலிற் அம்மாற்றம் தென்படுகிறதா என அது பார்க்கும். இங்கே எச்சத்தை விலக்குவதன்று, வேண்டுமென்றே எச்சத்தை வைத்துச் செலுத்தியின் துடைப்பைச் சோதிப்பதே முறையாகிறது.

எனவே, ஒரு சோதனை தனியே தேறி, வரிசையில் மட்டும் தவறுமாயின், உடனே அதற்கு முன்னால் மீள இயக்கமொன்றைச் செருகி அமைதியடைதல் தகாது. அது தடயத்தைக் கழுவிவிடும். யாருடைய எச்சம் என்று முதலில் தேட வேண்டும். முன்னே ஓடியவை ஆயிரம் எனினும் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதிக்குப்பின் தவறுகிறது எனக் கண்டு, அப்பாதியை மீண்டும் பாதியாக்கிச் சென்றால், எச்சம் விட்டது ஒன்றேயாயின், பத்துப் படியில் அது அகப்படும். இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 அன்றோ? இத்தேடலுக்கு வரிசை மறுபடியும் அவ்வாறே அமைதல் வேண்டும். ஆதலாற் சோதனைகளின் வரிசையைக் கலைத்து ஓட்டுவோரும், ஒரே தொடக்க எண்ணிலிருந்து ஒரே கலைப்பு பிறக்குமாறு செய்துகொள்வர்.

குற்றவாளி அகப்பட்டபின், அது சோதனையின் ஒழுங்கீனமாயிற் சோதனையைத் திருத்துக. செலுத்தியின் குற்றமாயிற் செலுத்தியைத் திருத்தி, அவ்விரண்டு சோதனைகளையும் அதே வரிசையில் ஒரு புதிய சோதனையாக நிலைநிறுத்துக.

முடிவுரை

சுருங்கக் கூறின், தனிமைப்படுத்தல் தீர்ப்புக்காக, கலத்தல் உலகியலுக்காக. 'இது தன்னளவிற் சரியா' என்பது ஒரு வினா. 'இது பிறவற்றோடு கூடி வாழுமா' என்பது மற்றொரு வினா. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் வினவினால் இரண்டுக்கும் விடை கிட்டாது.

அந்த நான்காம் மாணவனை மறுநாள் அழைத்தேன். பழைய கோப்பை அழித்துவிட்டு அவனது செய்நிரலை இயக்கினோம். விடை சரியாக வந்தது. குறைத்த புள்ளியைத் திருத்தினேன். என் தவறு என்றும் கூறினேன். பின், கோப்பை அழிக்காமல் மறுபடியும் இயக்கச் சொன்னேன். இருபது எண்கள் கூடிவந்தன. அவன் சற்றுநேரம் திரையையே நோக்கியிருந்துவிட்டு, "சேர், அலுவலகத்தில் இது ஓடினால் ஒவ்வொரு மாதமும் பிழைக்கும்" என்றான். அதற்கு நான் புள்ளியிடவில்லை. இடவேண்டிய பாடமும் அதுவன்று.

அன்றுதொட்டுச் செயன்முறைப் பரீட்சைகளில் ஒவ்வொரு மாணவனும் அமருமுன் நானே கோப்புறையைத் துடைத்து வைக்கிறேன். தவணை முடிவில் ஒருநாளை மட்டும், துடையாத கணினியில் யாவரும் ஒருவர்பின் ஒருவராக இயக்கிப் பார்ப்பதற்கென ஒதுக்கியுள்ளேன். அந்நாளிற் புள்ளி இல்லை. கற்பதோ அந்நாளில் அதிகம்.